பயன்படுத்தாத கிரெடிட் கார்டை மூடினால் சிபில் ஸ்கோர் குறையுமா? வீட்டுக்கடனுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்தவுடன் பலரும் செய்யும் முதல் வேலை, கையில் இருக்கும் கிரெடிட் கார்டுகளைக் குறைப்பது. 'மூணு கார்டு எதுக்கு? யூஸ் பண்ணாததை க்ளோஸ் பண்ணிட்டா பேங்க்ல நல்ல பேரு கிடைக்கும்' என்று நண்பர்களும் சொல்வார்கள். கஸ்டமர் கேருக்கு போன் செய்து, பழைய கார்டை மூடி, கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

ஒரு மாதம் கழித்து ஸ்கோரைப் பார்த்தால் இறங்கியிருக்கும். ஒரு தவணையும் தவறவில்லை, புதிதாக ஒரு ரூபாய் கடனும் வாங்கவில்லை. பிறகு ஏன்?

கிரெடிட் ஸ்கோர், உங்களிடம் எத்தனை கார்டு இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. உங்களுக்குக் கொடுக்கப்பட்ட மொத்த லிமிட்டில் எவ்வளவைப் பயன்படுத்துகிறீர்கள், எவ்வளவு காலமாக ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. கார்டை மூடும்போது அதன் லிமிட்டும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஸ்கோரை யார் தருகிறார்கள்?

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். இவை 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. முதலில் வந்தது சிபில் என்பதால், 'சிபில் ஸ்கோர்' என்பதே பேச்சு வழக்கில் எல்லா ஸ்கோருக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக நல்ல ஸ்கோராகக் கருதுகின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கீட்டு முறையும் சற்று மாறுபடும். அதனால் ஒரே நபருக்கு நான்கு இடங்களில் நான்கு எண்கள் வருவது சகஜம்தான்.

கணக்கிடும் சூத்திரத்தை இந்த நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. ஆனால் எதையெல்லாம் பார்க்கின்றன என்பது தெரிந்ததே: தவணையை நேரத்துக்குக் கட்டிய வரலாறு, லிமிட்டில் பயன்படுத்தும் அளவு, கணக்குகளின் வயது, கடன்களின் வகை, சமீபத்தில் எத்தனை இடங்களில் கடன் கேட்டிருக்கிறீர்கள் என்பது.

லிமிட் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

ஓர் உதாரணம் பார்ப்போம். சென்னையில் வேலை பார்க்கும் 29 வயது ஐடி ஊழியர் ஒருவரிடம் மூன்று கார்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

• முதல் வேலையில் சேர்ந்தபோது வாங்கிய பழைய கார்டு: லிமிட் ரூ.80,000. பயன்பாடு இல்லை.
• தினசரி செலவுக்கான கார்டு: லிமிட் ரூ.1,20,000. மாதச் செலவு ரூ.50,000.
• ஆன்லைன் ஷாப்பிங் கார்டு: லிமிட் ரூ.50,000. மாதச் செலவு ரூ.10,000.

மொத்த லிமிட் ரூ.2,50,000. மொத்தச் செலவு ரூ.60,000. அதாவது லிமிட்டில் 24 சதவீதம் பயன்பாட்டில் இருக்கிறது. இதைத்தான் 'கிரெடிட் யூட்டிலைசேஷன்' என்கிறார்கள்.

இப்போது அவர் பழைய கார்டை மூடுகிறார். லிமிட் ரூ.1,70,000 ஆகக் குறைகிறது. அதே ரூ.60,000 செலவு இப்போது 35 சதவீதம். ஷாப்பிங் கார்டையும் மூடிவிட்டு எல்லாச் செலவையும் ஒரே கார்டுக்கு மாற்றினால்? ரூ.1,20,000 லிமிட்டில் ரூ.60,000, அதாவது 50 சதவீதம்.

செலவு கூடவில்லை, சம்பளமும் குறையவில்லை. ஆனால் கடன் அறிக்கையைப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு, இவர் கொடுத்த லிமிட்டில் பாதியை மாதாமாதம் காலி செய்பவராகத் தெரிகிறார்.

பயன்பாட்டை 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது நிதி ஆலோசகர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. இது சட்டமோ ரிசர்வ் வங்கி விதியோ அல்ல. 31 சதவீதம் ஆனதும் ஸ்கோர் தடாலென்று விழுந்துவிடாது. குறைவாக இருக்க இருக்க நல்லது என்பதற்கான ஓர் அடையாளக் கோடு, அவ்வளவுதான். மொத்தக் கணக்கோடு, ஏதேனும் ஒரு கார்டு மட்டும் லிமிட் முட்டும் அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

முழுத்தொகையும் கட்டிவிட்டேன், அப்புறமும் ஏன்?

இது அடிக்கடி எழும் கேள்வி. பதில் தேதிகளில் இருக்கிறது.

கிரெடிட் கார்டில் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று பில் தேதி, இன்னொன்று பணம் கட்டக் கடைசி தேதி. பில் 18-ம் தேதி வருகிறது, கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 7-ம் தேதி என்று வைத்துக்கொள்வோம். தங்கை கல்யாணத்துக்கு 10-ம் தேதி கார்டைத் தேய்த்து ஒரு லட்ச ரூபாய்க்கு நகை வாங்கி, 7-ம் தேதி முழுத்தொகையும் கட்டிவிடுகிறீர்கள். வட்டி இல்லை, அபராதம் இல்லை. ஆனால் இடைப்பட்ட நாளில் கடன் தகவல் நிறுவனத்துக்குப் போன தகவலில் அந்த ஒரு லட்சம் நிலுவையாகவே பதிவாகியிருக்கலாம்.

முன்பு வங்கிகள் மாதம் ஒருமுறை இந்தத் தகவலை அனுப்பின. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 ஜனவரி 1 முதல், குறைந்தது 15 நாட்களுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று இது மாற்றப்பட்டது. ஆகவே நல்லதும் கெட்டதும் முன்பைவிட வேகமாக அறிக்கையில் ஏறுகிறது.

என்ன செய்யலாம்? பெரிய செலவு செய்தால் பில் வரும்வரை காத்திருக்காமல், முன்கூட்டியே ஆப்பில் ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். எந்த நாளின் நிலுவை அனுப்பப்படுகிறது என்பது வங்கிக்கு வங்கி மாறும். அதனால் ஒரு தேதியைக் குறிவைத்துக் காத்திருப்பதைவிட, லோன் விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் கார்டு செலவையே குறைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பயன்பாட்டு அளவில் ஓர் ஆறுதலும் உண்டு. நிலுவை குறைந்த தகவல் போய்ச் சேர்ந்தவுடன் இந்த விகிதமும் சரியாகிவிடும். தவணை தவறிய பதிவு அப்படியல்ல. அது பல ஆண்டுகள் அறிக்கையில் நிற்கும்.

'மினிமம் டியூ' கட்டினால் ஸ்கோர் ஏறுமா?

'கொஞ்சம் பேலன்ஸ் வச்சாதான் பேங்க்காரனுக்கு லாபம், ஸ்கோரும் ஏறும்' என்று ஒரு பேச்சு உலாவுகிறது. இது தவறு.

மினிமம் டியூ கட்டினால் தவணை தவறியதாகப் பதிவாகாது, அது உண்மை. ஆனால் மீதித் தொகைக்கு வட்டி ஓட ஆரம்பிக்கும். பல கார்டுகளில் இது மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ரூ.50,000 நிலுவைக்கு ஒரு மாத வட்டி ரூ.1,750, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.315. அதோடு, பழைய பாக்கி இருக்கும்வரை புதிய செலவுகளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

நிலுவை குறையாததால் பயன்பாட்டு அளவும் உயர்ந்தே நிற்கும். அதாவது வட்டியும் கட்டி, ஸ்கோரையும் இழக்கிறீர்கள். கிரெடிட் கார்டு வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு விதித்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008-ம் ஆண்டு உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

லிமிட்டை உயர்த்தித் தருகிறேன் என்றால் சம்மதிக்கலாமா?

'உங்கள் கார்டு லிமிட் 2 லட்சமாக உயர்த்தப்படுகிறது, ஓகே கொடுங்கள்' என்ற மெசேஜைப் பார்த்ததும் பயந்து அழித்துவிடுபவர்கள் உண்டு. செலவு அதே அளவில் இருக்கும் என்ற உறுதி இருந்தால், லிமிட் உயர்வது ஸ்கோருக்கு நல்லதுதான். மேலே பார்த்த உதாரணத்தில் மொத்த லிமிட் ரூ.3 லட்சமாக உயர்ந்தால், அதே ரூ.60,000 செலவு 20 சதவீதமாகக் குறையும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கி லிமிட்டை உயர்த்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்களாகக் கேட்டால் சில வங்கிகள் உங்கள் கடன் அறிக்கையைப் புதிதாக எடுத்துப் பார்க்கலாம். அதனால் வீட்டுக்கடன் விண்ணப்பிக்கும் மாதத்தில் இதைக் கேட்க வேண்டாம்.

'லிமிட் இருந்தா கை சும்மா இருக்காது' என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, கார்டின் பரிவர்த்தனை அளவை நீங்களே ஆப்பில் குறைத்துக்கொள்ளலாம். ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடுகளைத் தனித்தனியாக நிறுத்தியும் வைக்கலாம். வங்கி கொடுத்த லிமிட் அப்படியே இருக்கும், கைக்கு மட்டும் கடிவாளம்.

அப்படியானால் கார்டை மூடவே கூடாதா?

மூடலாம். ஆண்டுக் கட்டணம் அதிகம், பலன் குறைவு என்றால் மூடுவதில் தவறில்லை. கார்டு இருந்தால் செலவு கட்டுக்குள் நிற்பதில்லை என்பவருக்கு, சில புள்ளிகளைவிடக் கடனில் மாட்டாமல் இருப்பதே முக்கியம். ஆனால் மூடும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்கவும்.

• எதை மூடுவது? பழைய, கட்டணமில்லாத கார்டை வைத்துக்கொண்டு, புதிய, கட்டணம் உள்ள கார்டை மூடுவது நல்லது. மூடிய கணக்கின் வரலாறும் அறிக்கையில் சில ஆண்டுகள் இருக்கும் என்பதால் கணக்குகளின் வயது உடனே பாதிக்கப்படாது. ஆனால் லிமிட் உடனே போய்விடும்.
• எப்போது மூடுவது? வீட்டுக்கடன், வாகனக் கடன் விண்ணப்பத்துக்கு முந்தைய மாதங்களில் வேண்டாம். கடன் கைக்கு வந்த பிறகு மூடலாம்.
• வேறு வழி உண்டா? கட்டணம்தான் பிரச்னை என்றால், கட்டணமில்லாத வேறு கார்டாக மாற்றித் தர முடியுமா என்று வங்கியிடம் கேட்கலாம். கணக்கு தொடரும், கட்டணம் மட்டும் போகும்.

பழைய கார்டை வைத்துக்கொள்வது என்றால் டிராயரில் போட்டு மறந்துவிடக் கூடாது. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, உங்களுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, 30 நாட்களில் பதில் வராவிட்டால் வங்கியே மூடலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு விதி சொல்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொபைல் ரீசார்ஜோ கரன்ட் பில்லோ கட்டி, உடனே அடைத்துவிட்டால் போதும்.

கத்தரிக்கோல் போதாது: கார்டை முறையாக மூடுவது எப்படி?

பிளாஸ்டிக் அட்டையை வெட்டிப் போடுவதால் கணக்கு மூடப்படாது. ஆண்டுக் கட்டணம் ரூ.500, ஜிஎஸ்டியுடன் ரூ.590 என்று ஒரு பில் சத்தமில்லாமல் வரும். பழைய மொபைல் எண்ணுக்கும் பழைய இமெயிலுக்கும் போகும் அந்த பில், மாதக்கணக்கில் கட்டப்படாமல் நின்றால், அறிக்கையில் உங்கள் பெயருக்கு எதிரே பாக்கிதாரர் என்ற பதிவு ஏறிவிடும். 50 லட்சம் கடன் கேட்கும் இடத்தில் இந்த 590 ரூபாய் வந்து நிற்கும்.

முறையான வழி இதுதான்:

1. கார்டில் இணைத்திருக்கும் ஓடிடி, ஜிம், இன்ஷூரன்ஸ் ஆட்டோ பேமென்ட்களை வேறு கணக்குக்கு மாற்றுங்கள்.
2. நடப்பில் இருக்கும் இஎம்ஐ உட்பட எல்லா நிலுவையையும் கட்டுங்கள். ரிவார்டு பாயின்ட்களைப் பயன்படுத்திவிடுங்கள்.
3. ஆப், இணையதளம் அல்லது இமெயில் வழியாக மூடும் கோரிக்கையைக் கொடுத்து, அதன் எண்ணைக் குறித்துவையுங்கள்.
4. நிலுவை ஏதும் இல்லாதபட்சத்தில் 7 வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கை மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.500 உங்களுக்குத் தர வேண்டும்.
5. நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கிவையுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து, அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிக் குறிப்பு முக்கியமானது. 'க்ளோஸ்டு' என்பதும் 'செட்டில்டு' என்பதும் ஒன்றல்ல. கட்ட முடியாத நிலையில் வங்கியோடு பேசி, பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடித்தால் அது 'செட்டில்டு'. 'முழுசா கட்டல, வங்கி விட்டுக்கொடுத்தது' என்றுதான் அடுத்து கடன் தரப் போகிறவர் அதைப் படிப்பார். கலெக்‌ஷன் ஏஜென்ட் 'பாதி கட்டுங்க, முடிச்சுடலாம்' என்று சொல்லும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

சில புள்ளிகளால் என்ன ஆகிவிடும்?

பல வங்கிகள் வீட்டுக்கடன் வட்டியை ஸ்கோர் அடுக்குகளின் அடிப்படையில் நிர்ணயிக்கின்றன. 50 லட்ச ரூபாய், 20 ஆண்டுக் கடனுக்கு 8.5 சதவீத வட்டி என்றால் இஎம்ஐ சுமார் ரூ.43,390. ஸ்கோர் ஓர் அடுக்கு இறங்கி, அதுவே 9 சதவீதம் ஆனால் சுமார் ரூ.44,990. மாதம் 1,600 ரூபாய் பெரிதாகத் தெரியாது. ஆனால் வட்டி விகிதம் மாறாமல் இருந்தால் 20 ஆண்டுகளில் இந்த வித்தியாசம் 3.8 லட்சம் ரூபாய்.

விஷயம் கடனோடு நிற்பதும் இல்லை. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், அவரது கடன் அறிக்கையில் இருந்த பாதகமான பதிவுகளால் ரத்து செய்யப்பட்டது. கடன்களைக் கட்டி முடித்துவிட்டதாக அவர் வாதிட்டும், வங்கியின் முடிவு சரியே என 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவணை தவறிய வரலாறு உள்ளவர்கள் தகுதியற்றவர்கள் என்று வேலைவாய்ப்பு அறிவிப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது.

அறிக்கையில் தப்பு இருந்தால்?

மூடிய கார்டு திறந்திருப்பதாகக் காட்டுவது, கட்டிய பாக்கி கட்டாததாக இருப்பது, வாங்காத கடன் உங்கள் பான் எண்ணில் ஏறியிருப்பது எல்லாம் நடக்கக்கூடியவை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், ஆண்டு முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடனுக்காக வங்கிகள் பார்ப்பதுதான் கணக்கில் வரும். அதனால் ஒரே வாரத்தில் ஐந்து ஆப்களில் 'அப்ளை' பட்டனை அழுத்துவதைத் தவிர்க்கவும்.

தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் அளிக்கலாம். 30 நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. அதற்கும் பலனில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒரு சின்னப் பாதுகாப்பும் உண்டு. கடைசி தேதி முடிந்து 3 நாட்களுக்கு மேல் பணம் வராவிட்டால்தான் கார்டு நிறுவனம் அதைத் தவறிய தவணையாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குச் சொல்லலாம், தாமதக் கட்டணமும் போடலாம். சர்வர் கோளாறால் ஒருநாள் தள்ளிப்போனால் பதற வேண்டாம். அதற்காக மூன்று நாளையும் சலுகையாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கார்டே இல்லாதவர்கள் என்ன செய்வது?

'நான் கடனே வாங்கினதில்ல, என் ஸ்கோர் சூப்பரா இருக்கும்' என்று நினைத்துப் போய் ஏமாந்தவர்கள் பலர். கடனே வாங்காதவருக்கு வரலாறு இருக்காது, அதனால் ஸ்கோரும் இருக்காது. முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதாக 2025 ஆகஸ்டில் மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. ஆனாலும் வரலாறு இருந்தால் வங்கியில் பேசுவது எளிது.

அதற்குப் பாதுகாப்பான தொடக்கம், வைப்புத்தொகையை ஈடாகக் காட்டி வாங்கும் எஃப்டி கார்டு. சம்பளச் சான்று பெரும்பாலும் தேவைப்படாது. மாதம் ஒரு சின்னச் செலவு, கடைசி தேதிக்கு முன் முழுத்தொகை என்று சில மாதங்கள் ஓட்டினால் ஸ்கோர் உருவாகத் தொடங்கும்.

வீட்டுக்கடனுக்கு முன் ஒரு காலண்டர்

• 6 மாதம் முன்: இலவச அறிக்கையை எடுத்துத் தவறுகளைத் திருத்தச் சொல்லுங்கள். மறந்துபோன பழைய கார்டு, பே லேட்டர் கணக்கு ஏதாவது பாக்கியோடு இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தாருக்கு வாங்கித் தந்த ஆட்-ஆன் கார்டின் செலவும் உங்கள் பெயரில்தான் ஏறும்.
• 3 மாதம் முன்: கார்டு பயன்பாட்டை 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். போனை இஎம்ஐயில் வாங்கினால் அந்தத் தொகையும் லிமிட்டில் உட்கார்ந்திருக்கும் என்பதால் தள்ளிப்போடுங்கள். ஆட்டோ டெபிட்டை 'மினிமம் டியூ'வில் வைக்காமல் 'முழுத்தொகை'க்கு மாற்றுங்கள்.
• விண்ணப்பிக்கும் மாதம்: புதிய கார்டு வேண்டாம், லிமிட் கோரிக்கை வேண்டாம், பழைய கார்டை மூடவும் வேண்டாம்.

கடன் ஒப்புதலாகி, பணம் கைக்கு வந்து, சாவியும் வாங்கியாகிவிட்டதா? இப்போது அந்தப் பழைய கார்டு தேவையா என்று நிதானமாக யோசித்து, வேண்டாம் என்றால் மூடலாம். அப்போதும் முதலில் கோரிக்கை, பிறகு நிலுவை இல்லை என்ற கடிதம். கத்தரிக்கோல் கடைசியில்தான்.